அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புக் கணக்கு: உண்மையைச் சொல்லக் கட்டாயப்படுத்த வேண்டுமா?

#1 தராசு

படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வக்கீல் வேலை கிடைத்தது என்பதை அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் ஒளிக்காமல் வெளியிடக் கட்டாயம் வேண்டுமா என்ற பேச்சு வேறொரு இழையில் பாதியில் நின்றது. அங்கே சிலர் "அந்த விதிதான் ஏற்கெனவே இருக்கிறதே" என்றார்கள். சிலர் "இருந்து என்ன பயன்" என்றார்கள். இரண்டுமே உண்மை என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

புதிதாக வருபவர்களுக்குப் பின்னணி. 2010 வாக்கில் பல கல்லூரிகளின் விளம்பர ஏட்டில் "ஒன்பது மாதத்துக்குள் 90 விழுக்காட்டுக்கு மேல் வேலை" என்ற வகை வரி இருக்கும். என்ன வேலை, எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு நேரம் என்று ஒன்றும் இருக்காது. 2009-ல் வாண்டர்பில்ட் சட்ட மாணவர்கள் இருவர் தொடங்கிய 'லா ஸ்கூல் டிரான்ஸ்பரன்சி' அமைப்பு இந்த விவரத்தை எல்லாக் கல்லூரிகளிடமும் கேட்டது. 2011 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நீண்ட கட்டுரை போட்டது. அதே ஆண்டில் செனட்டர் பார்பரா பாக்ஸர் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்துக்கு (இனி ஏபிஏ) கடிதம் எழுதினார். 2012-ல் ஏபிஏ தன் 509-ஆம் தரவிதியைத் திருத்தியது. வெளியிடும் தகவல் முழுமையாக, சரியாக, திசைதிருப்பாததாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஜூனில் 2011-ஆம் ஆண்டு முடித்தவர்களின் விவரம் வகைவாரியாக வந்தபோது, வக்கீல் உரிமம் தேவைப்படும் முழுநேர, நீண்டகால வேலையில் இருந்தவர்கள் சுமார் 55 விழுக்காடுதான். விளம்பர ஏட்டின் 90-க்கும் இந்த 55-க்கும் நடுவே இருந்த தூரத்தை அப்போதுதான் பலரும் பார்த்தார்கள்.

என் நிலை: கட்டாயம் வேண்டும், இன்னும் இறுக்க வேண்டும். சம்பளம், 'ஜேடி அட்வான்டேஜ்' வகை (உரிமம் தேவையில்லை, சட்டப் பட்டம் இருந்தால் அனுகூலம் என்ற வேலைகள்), ஜேடி (வக்கீலாவதற்கான அடிப்படைச் சட்டப் பட்டம்) அல்லாத படிப்புகள் என்று மூன்று இடத்தில் இப்போதும் ஒழுகுகிறது. மறுப்பவர்கள் வரலாம்.

#2 பெருக்கல்குறி

எண் இல்லாமல் இதைப் பேசினால் காற்றில்தான் நிற்போம். கற்பனையாக ஒரு கல்லூரி, 240 பட்டதாரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

உரிமம் தேவைப்படும் முழுநேர, நீண்டகால வேலை: 118
ஜேடி அட்வான்டேஜ், முழுநேர நீண்டகாலம்: 22
கல்லூரியே சம்பளம் கொடுக்கும் வேலை: 10
சட்டம் சாராத அலுவலகப் பணி: 14
பட்டம் தேவையில்லாத வேலை (கடை, உணவகம்): 8
பகுதிநேரம் அல்லது குறுகியகாலம்: 16
மேற்படிப்பு: 6
வேலை தேடுகிறார்: 26
வேலை தேடவில்லை: 8
தகவல் இல்லை: 12

பழைய பாணியில் தொகுதியில் (பின்னத்தின் மேல் எண்) எல்லா வேலையையும் அள்ளிப் போடுவார்கள்: 188. பகுதியிலிருந்து (கீழ் எண்ணான 240-லிருந்து) 'தகவல் இல்லை', 'தேடவில்லை', 'மேற்படிப்பு' மூன்றையும் கழிப்பார்கள்: 214. விடை 87.9. ஏட்டில் "88 விழுக்காடு". ஒரு எண்கூடப் பொய்யில்லை, கவனியுங்கள்.

நேர்மையான கணக்கில் 118-ஐ 240-ஆல் வகுத்தால் 49.2. ஜேடி அட்வான்டேஜையும் சேர்த்தால் 58.3. ஒரே வகுப்பு, ஒரே ஆட்கள். தொகுதியில் எதைச் சேர்க்கலாம், பகுதியில் எதை விடக்கூடாது என்று வெளியிலிருந்து ஒருவர் நிர்ணயிக்காவிட்டால் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கு வாகான பின்னத்தைத்தான் போடும். பக்கத்துக் கல்லூரி 88 என்று போடும்போது இவர் மட்டும் 49 என்று போட்டால் விண்ணப்பம் வருமா? தானாக முன்வந்து உண்மை சொல்பவருக்குத் தண்டனை கிடைக்கும் சந்தை இது. கட்டாயத்துக்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

#3 மரவட்டை

எதிர்க்கட்சி நான்தான் போல, சரி.

வர்றவங்க எல்லாம் நாலு வருஷம் டிகிரி முடிச்சு, எல்சாட்ங்கிற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதி வர்றவங்க. "எதுல 88?"ன்னு கேக்கத் தெரியாதவரு நாளைக்குச் சாட்சியை எப்படிக் குறுக்கு விசாரணை பண்ணுவாரு? வரலாற்றுல முனைவர் பட்டம் கொடுக்குற துறையை யாரும் இப்படிக் கேக்கறதில்ல. சட்டத்துக்கு மட்டும் ஏன்?

அப்புறம் செலவு. ஒவ்வொரு பட்டதாரிக்கும் கோப்பு, அதைத் துரத்த ஆள், அதைத் தணிக்கை பண்ண ஆள். அந்தச் சம்பளம் யார் கட்டணத்துல ஏறும்? மாணவன் கட்டணத்துலதான்.

தகவல் வெளியே வந்ததும் சந்தையே வேலையைப் பாத்துக்கிச்சுன்னும் சொல்லுவேன். 2010-ல முதலாண்டுச் சேர்க்கை 52,000-க்கு மேல. 2014-ல 38,000-க்குக் கீழ. பத்திரிகையும் வலைப்பதிவும் பண்ணின வேலை அது.

#4 குறுக்கு விசாரணை

மரவட்டை, நீங்கள் சொன்ன "கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே" என்பதைத்தான் நீதிமன்றங்களும் சொன்னன. கட்டாய விதி ஏன் தேவை என்பதற்கு அந்த வழக்குகளே சாட்சி என்பது என் வாதம். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நியூயார்க் லா ஸ்கூல் மீது அதன் முன்னாள் மாணவர்கள் தொடுத்த வழக்கு 2012 மார்ச்சில் தள்ளுபடி. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வும் உறுதி செய்தது. கல்லூரி முழுமையாகவும் ஒளிவுமறைவின்றியும் சொல்லவில்லை என்பதை அந்த அமர்வே ஒப்புக்கொண்டது. ஆனாலும் சொன்னது பொய்யில்லை, நியாயமாக யோசிக்கும் நுகர்வோர் ஏமாறும் அளவுக்கு இல்லை என்று முடித்துவிட்டது. பெருக்கல்குறி மேலே சொன்ன "ஒரு எண்கூடப் பொய்யில்லை" என்பது சட்டத்தில் எவ்வளவு பெரிய கேடயம் என்று பாருங்கள்.

அடுத்தது மிச்சிகனில் தாமஸ் எம். கூலி சட்டக் கல்லூரி வழக்கு. 2013-ல் ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடியை உறுதி செய்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. மிச்சிகன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, குடும்ப, வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும்தான் பொருந்தும். சட்டப் படிப்பைப் பிழைப்புக்காக வாங்குகிறார்கள், ஆகவே அந்தச் சட்டம் பொருந்தாது என்றார்கள். துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியவருக்கு இருக்கும் பாதுகாப்பு, மூன்று ஆண்டுக் கடனில் பட்டம் வாங்கியவருக்கு இல்லை.

மூன்றாவது, சான் டியேகோவில் தாமஸ் ஜெஃபர்சன் சட்டக் கல்லூரி மீதான வழக்கு. 2011-ல் தொடுத்தது. இந்த வகையில் ஜூரி முன்னால் முழு விசாரணை வரை போன அரிதான வழக்கு. 2016 மார்ச்சில் 9-க்கு 3 என்ற கணக்கில் கல்லூரிக்குச் சாதகமாகத் தீர்ப்பு. எல்லாரும் இதை "கல்லூரி ஜெயித்தது" என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். தீர்ப்பு வர ஐந்து ஆண்டு ஆனது என்பதை யாரும் சொல்வதில்லை. அதற்குள் ஒரு வகுப்பு சேர்ந்து, படித்து, கடனோடு வெளியேயும் போய்விடும்.

நடந்த பிறகு வழக்கு போடும் வழி அடைபட்டிருக்கிறது. சேர்வதற்கு முன்பே ஒரே படிவத்தில் எண் வந்தாக வேண்டும் என்ற விதிதான் மிச்சம்.

சந்தை பார்த்துக்கொண்டது என்றீர்களே: சேர்க்கை பெரிதாகச் சரிந்தது 2012-ல் அந்தப் படிவம் வந்த காலத்திலும் அதற்குப் பிறகும்தான். பத்திரிகைக்கும் எண்ணைக் கொடுத்தது அந்தப் படிவம்.

#5 அடிக்குறிப்பு

விதி இருக்கிறது என்பவர்களும் இல்லை என்பவர்களும் ஒரு படி இறங்கி, எண் எப்படிச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். தப்பு அங்கேதான் நுழைகிறது.

பட்டம் பெற்றுச் சுமார் பத்து மாதம் கழித்து, மார்ச் நடுவில் ஒரு குறிப்பிட்ட நாளின் நிலவரம்தான் கணக்கு. முன்பு பிப்ரவரி 15. 2014-ல் முடித்தவர்களிலிருந்து மார்ச் 15. கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவு பட்டமளிப்பு நேரத்தில் முதல் படிவத்தை அனுப்பும், பார் தேர்வு (வக்கீல் உரிமத் தேர்வு) முடிவு வந்ததும் மறுபடி கேட்கும், ஜனவரி பிப்ரவரியில் பதில் போடாதவர்களை ஒவ்வொருவராகத் துரத்தும். தகவல் பட்டதாரியிடமிருந்து வரலாம், முதலாளியிடமிருந்து வரலாம், நிறுவனத்தின் இணையப் பக்கத்திலிருந்தும் வரலாம். எதுவானாலும் யார் சொன்னது, எந்தத் தேதியில், யார் பதிந்தார் என்று கோப்பில் சான்று இருக்க வேண்டும். ஏபிஏ குலுக்கல் முறையில் கோப்புகளைக் கேட்டுச் சரிபார்க்கும்.

எங்கே சறுக்கும்?

முழுநேரம் என்றால் வாரம் 35 மணி அல்லது அதற்கு மேல். நீண்டகாலம் என்றால் ஓராண்டாவது நீடிக்கும் என்ற எதிர்பார்ப்பு. இந்த "எதிர்பார்ப்பு" என்ற சொல்லில்தான் வண்டி வண்டியாக ஆள் ஏறுகிறார்கள். பெரிய வழக்குகளுக்கு ஆவணங்களைச் சலித்துக் கொடுக்கும் ஒப்பந்த வேலை இருக்கிறதல்லவா, டாக்குமென்ட் ரிவ்யூ. வழக்கு சமரசமானால் அன்று மாலையே வேலை போகும். ஆனால் ஆள் அனுப்பும் நிறுவனம் "முடிவு தேதி இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் அவசரக் கையில் அது நீண்டகாலமாகப் பதிவாகிவிடும். முடிவு தேதி இல்லாததும் ஓராண்டு நீடிக்கும் என்பதும் ஒன்றல்ல. பதிபவர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலை உறுதியாகி, சேரும் நாள் மார்ச் நிலவர நாளுக்குப் பிறகு என்றால் அவர் வேலையில் இருப்பவர் இல்லை. 'சேரும் தேதி தள்ளிப்போனவர்' என்று வேலையில்லாதோர் பக்கத்தில்தான் போக வேண்டும். இங்கே கல்லூரிக்கே பாதகமாகத் தவறு நடப்பதும் உண்டு.

தனியாக அலுவலகம் போட்டவர். வேறு வழியில்லாமல் முகவரி அட்டை அச்சடித்து, மாதம் ஒரு வழக்கு பார்ப்பவரும் முழுநேர, நீண்டகால, உரிமம் தேவைப்படும் வேலையில் உட்காரலாம். அறிக்கையில் நிறுவன அளவு என்ற பகுதியில் 'தனி' என்ற கட்டம் தனியாக இருக்கும். அதைக் கழித்துப் பார்ப்பது நல்லது. லா ஸ்கூல் டிரான்ஸ்பரன்சியின் வேலைவாய்ப்பு மதிப்பெண் அப்படித்தான் கழிக்கும்.

கல்லூரிப் பணத்தில் வேலை. முன்பு நிலவர நாளை ஒட்டிச் சில மாத உதவித்தொகை கொடுத்து ஆளை எங்காவது உட்கார வைத்தால் வேலையாளர் கணக்கில் ஏறிவிடுவார். 2015-ல் முடித்தவர்களிலிருந்து இறுக்கினார்கள். ஓராண்டு எதிர்பார்ப்பும், ஆண்டுக்கு 40,000 டாலராவது சம்பளமும் இருந்தால்தான் நீண்டகாலம். அறிக்கையில் தனி வரியாகவும் காட்ட வேண்டும்.

'தகவல் இல்லை' என்ற கட்டம் முன்பு கல்லூரிக்கு வரம். இப்போது அந்தக் கட்டமும் வெளியே தெரிகிறது, பகுதியிலும் நிற்கிறது. அதனால் துரத்துகிறார்கள். துரத்தும் ஆளுக்குச் சம்பளம் வேண்டும் என்ற மரவட்டையின் கணக்கு சரிதான், மறுக்கவில்லை.

#6 மரவட்டை

அடிக்குறிப்பு எழுதினதைப் படிச்சதும் என் கட்சிக்கே வலு ஏறுது. எண்ணைக் கட்டாயமாக்கினா எண்ணுக்காகவே வேலை நடக்கும். 2023-ல யூஎஸ் நியூஸ் பத்திரிகை போடுற கல்லூரித் தரவரிசையில பத்து மாத வேலைவாய்ப்புக்கு எடை 14-லிருந்து 33 விழுக்காடாச்சு. யேல், ஹார்வர்டெல்லாம் 2022 நவம்பர்ல விலகறோம்னு சொன்ன பிறகு முறையையே மாத்தினாங்க. கல்லூரி நிதியில வர்ற நீண்டகால ஃபெலோஷிப்புக்கும் முழு மதிப்பு. பணக்காரக் கல்லூரி பத்து ஃபெலோஷிப் போட்டு ஏறிக்கும். ஏழைக் கல்லூரி என்ன பண்ணும்? வேலை கிடைக்கறது கஷ்டம்னு தோணுற ஆளைச் சேர்க்கும்போதே கழட்டிவிடும். ரெண்டாவது வாய்ப்பு தேடி வர்ற முப்பத்தஞ்சு வயசுக்காரருக்குக் கதவு சாத்திரும்.

#7 பெருக்கல்குறி

அது தரவரிசையின் கோளாறு. அறிக்கையில் பத்தும் தனி வரியாகத்தான் கிடக்கிறது. பத்திரிகை எல்லாவற்றையும் ஒரே எண்ணாக அரைத்தால் அறிக்கை என்ன செய்யும்? ஆனால் முப்பத்தைந்து வயதுக்காரர் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அது உண்மையான விலைதான்.

தராசு சொன்ன முதல் ஓட்டைக்கு வருகிறேன்: சம்பளம். ஏபிஏ-வின் கட்டாய அறிக்கையில் சம்பளமே இல்லை. என்ஏஎல்பி என்ற அமைப்பு சம்பளம் திரட்டுகிறது. கல்லூரிவாரியான அதன் அறிக்கையை வெளியிடுவது அந்தந்தக் கல்லூரியின் விருப்பம்.

இங்கே சராசரி ஏன் ஏமாற்றும் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். புதிய வக்கீல்களின் சம்பளத்தை வரைபடமாகப் போட்டால் ஒட்டக முதுகு மாதிரி இரண்டு திமில் வரும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடது திமில் 40,000 முதல் 65,000 டாலர் வரை, வலது திமில் ஊசிபோல் 160,000-இல். சராசரி நடுப்பள்ளத்தில் விழும். அந்தச் சம்பளத்தை வாங்குபவர் அநேகமாக யாரும் இல்லை. இன்று பெரிய நிறுவனங்களின் தொடக்கச் சம்பளம் 225,000. ஊசி இன்னும் தள்ளிப் போயிருக்கிறது, வடிவம் மாறவில்லை.

இதோடு யார் சொல்கிறார்கள் என்பதும் சேர்கிறது. 160,000 வாங்குபவரின் சம்பளம் ஊரறிந்தது, கல்லூரி கேட்காமலே பதியலாம். 42,000 வாங்குபவர் படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவார். 118 பேரில் 40 பேர் மட்டும் சொல்லி அதில் 25 பேர் வலது திமில் என்றால் இடைநிலை 160,000 என்று வரும். மீதி 78 பேர் அந்த எண்ணில் இல்லவே இல்லை. ஆகவே சம்பளம் போட்டால் பக்கத்திலேயே எத்தனை பேர் சொன்னது என்பதையும் போட வேண்டும். கால்மான எண்கள் மூன்றும் (25, 50, 75) வேண்டும். ஐந்து பேருக்குக் குறைந்த வகையில் சம்பளம் போடக் கூடாது, ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

படிவமே இல்லாமல் வேறு வழியும் உண்டு. கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' கூட்டாட்சி வரிப் பதிவிலிருந்து வருமானத்தை எடுத்து, படிப்புவாரியாகப் போடுகிறது. யாரும் எதையும் நிரப்ப வேண்டாம், மரவட்டையின் செலவு வாதமும் அடிபடும். இரண்டு குறை. கூட்டாட்சி உதவியோ கடனோ பெற்றவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். முதலாண்டு வருமானத்தைப் பார்த்தால் நீதிபதியிடம் ஓராண்டு கிளார்க்காக இருப்பவர் குறைவாகத் தெரிவார், அடுத்த ஆண்டே வலது திமிலுக்குப் போவார். நான்காவது, ஐந்தாவது ஆண்டைப் பார்ப்பது மேல்.

#8 நீலாம்பல்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்எல்எம் படிப்புக்கு இதே அறிக்கை எங்கே கிடைக்கும்? நான்கைந்து கல்லூரிப் பக்கங்களில் தேடினால் ஜேடி-க்கு மட்டும்தான் வருகிறது.

#9 குறுக்கு விசாரணை

கிடைக்காது, நீலாம்பல். நீங்கள் தேடியது சரியான இடம்தான், அங்கே பொருள் இல்லை. ஏபிஏ அங்கீகாரம் ஜேடி பட்டத்துக்கு மட்டும். எல்எல்எம், ஓராண்டு சட்ட முதுகலை போன்றவற்றைக் கல்லூரி நடத்தலாம், அவை ஜேடி-யின் தரத்தைக் கெடுக்காதவரை ஏபிஏ குறுக்கிடாது. அவற்றின் தரத்துக்கு அது சான்று தருவதில்லை. வேலைவாய்ப்பு அறிக்கைக் கட்டாயமும் அவற்றுக்குக் கிடையாது. தராசின் மூன்றாவது ஓட்டை இதுதான், என் கணக்கில் முதலாவது. ஜேடி சேர்க்கை சரிந்த ஆண்டுகளில் பல கல்லூரிகள் இந்தப் படிப்புகளைப் பெருக்கின.

வெளிநாட்டில் சட்டம் படித்தவர்கள் நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் எல்எல்எம் முடித்துப் பார் தேர்வு எழுதலாம். ஆனால் எல்லா எல்எல்எம்-மும் அதற்குத் தகுதி தராது. நியூயார்க் குறைந்தது 24 செமஸ்டர் மணி (கிரெடிட்) கேட்கும், அதற்குள் குறிப்பிட்ட பாடங்களும் இருக்க வேண்டும். வரி, கப்பல் சட்டம் என்று சிறப்புப் பிரிவில் சேர்பவர்கள் பாடத் தேர்விலேயே இதைக் கோட்டை விடுவதுண்டு.

அறிக்கை இல்லாத இடத்தில் கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்கள், தொலைபேசியில் வேண்டாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் எல்எல்எம் முடித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், அதில் வெளிநாட்டில் சட்டம் படித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் அமெரிக்கப் பார் தேர்வு எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை, பத்தாம் மாதம் அமெரிக்காவில் முழுநேரச் சட்ட வேலையில் இருப்பவர் எத்தனை. படிப்பதற்கு முன்பே இருந்த நிறுவனத்துக்குத் திரும்பியவர்களைத் தனியாகக் கேளுங்கள். "எங்கள் மாணவர்கள் உலகின் முன்னணி நிறுவனங்களில்" என்ற வரியில் பாதி ஆள் அவர்களாக இருக்கலாம்.

#10 தராசு

விவாதம் நான் நினைத்ததைவிட நல்ல திசையில் போகிறது. மரவட்டையின் "சட்டத்துக்கு மட்டும் ஏன்" என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. என் பதில்: கடன் யாருடையது என்று பாருங்கள். 2006-லிருந்து கிராட் பிளஸ் என்ற மேற்படிப்புக் கடனில் கல்லூரி சொல்லும் முழுச் செலவு வரை கூட்டாட்சி அரசே கொடுத்தது. விலை ஏறினாலும் கடனும் கூடவே ஏறும். 2025-ல் வந்த சட்டம் அதை மூடியது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் தொழிற்படிப்பு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 200,000 டாலர் வரம்பு. அதோடு ஒரு வருமானச் சோதனையும் உண்டு. முடித்தவர்களின் இடைநிலை வருமானம், இளங்கலைப் பட்டத்தோடு நின்றவர்களின் இடைநிலையைவிடக் குறைவாக மூன்றில் இரண்டு ஆண்டு இருந்தால் அந்தப் படிப்புக்கு நேரடிக் கூட்டாட்சிக் கடன் கிடையாது. ஆக, சட்டத்துக்கு மட்டும் என்ற நிலை போய்விட்டது. வரலாற்றுத் துறையும் இதில் வரும்.

ஆனால் அந்தச் சோதனை கடைசி வரிசையை மட்டும்தான் பிடிக்கும். சேர்பவருக்கு இரண்டு நடுத்தரக் கல்லூரிகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்க அது உதவாது.

#11 மரவட்டை

கடன் வாதத்தை ஏத்துக்கறேன். பொதுப் பணம் போற இடத்துல கணக்கு கேக்கலாம். ஜேடி அட்வான்டேஜ் பத்தி யாராவது சொல்லுங்க. அதுதான் எனக்கு இன்னும் பிடிபடல. யார் முடிவு பண்றாங்க?

#12 அடிக்குறிப்பு

பட்டதாரி சொல்வார், வேலைவாய்ப்புப் பிரிவு பதியும். சட்டப் பட்டம் இருப்பது அந்த வேலைக்கு வெளிப்படையான அனுகூலம் தர வேண்டும், ஆனால் வக்கீல் உரிமம் தேவையில்லை என்பது வரையறை. நிறுவனங்களின் விதிமுறை இணக்கப் பிரிவு, ஆலோசனை நிறுவனம் எல்லாம் இதில் வரும். நல்ல சம்பளத்தில் விரும்பிப் போனவரும், வக்கீல் வேலை கிடைக்காமல் காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்தவரும் ஒரே கட்டத்தில். வெளியிலிருந்து பிரிக்க வழியில்லை.

ஒட்டடை அடிக்க ஒரு சிறு வழி உண்டு. கோப்பில் வேலை விளம்பரத்தின் நகல் இருக்க வேண்டும் என்று விதி போடலாம். விளம்பரத்தில் சட்டப் பட்டம் "தேவை" அல்லது "விரும்பத்தக்கது" என்று இருந்தால் அட்வான்டேஜ். இல்லையென்றால் பொது அலுவலகப் பணி. விளம்பரமே இல்லாமல் தெரிந்தவர் மூலம் கிடைத்த வேலைக்கு முதலாளியின் ஒரு வரிக் கடிதம். அத்துடன், இன்னும் வேறு வேலை தேடுகிறீர்களா என்ற கேள்வியை என்ஏஎல்பி படிவத்தில் ஏற்கெனவே கேட்கிறார்கள். அந்த விடையைக் கல்லூரிவாரியாக வெளியிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

#13 நீலாம்பல்

நன்றி குறுக்கு விசாரணை. ஐந்து கேள்வியையும் அப்படியே இரண்டு கல்லூரிகளுக்கு அனுப்பியாயிற்று. ஒன்றிலிருந்து அரை மணியில் பதில் வந்துவிட்டது: அறிமுகக் கூட்டத்துக்கான இணைப்பு மட்டும்.

#14 குறுக்கு விசாரணை

அதற்கே பதில் போடுங்கள். எண் இல்லையென்றால் "இந்த விவரத்தை நாங்கள் திரட்டுவதில்லை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.